பேச்சு இருக்கும் பக்கம்

திங்கட்கிழமை மாலை வகுப்பில் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கேள்விக்கு எனக்குப் பூஜ்யம். கேள்வி இதுதான்: மனித மூளையில் பேச்சுக்குரிய பகுதி எந்தப் பக்கம் இருக்கிறது? நான் எழுதியிருந்த பதில்: வலது பக்கம்.

நான் எந்தப் பதிலையும் ஒரே மூச்சில் எழுதுகிற ஆள் இல்லை. எழுதுவேன், அடிப்பேன், யோசிப்பேன், அடித்ததையே பக்கத்தில் மறுபடியும் எழுதுவேன். என் தாளைத் திருத்துகிறவர்களுக்குக் கண்வலி வரும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் ஓர் அடித்தல்கூட இல்லாமல் பதில் எழுதியிருந்தேன். ஏனென்றால் பகலில் என் வேலையே மூளைக்குச் சாயம் பூசுவது.

பள்ளிக்கூடங்களுக்கும் நர்ஸ் பயிற்சிப் பள்ளிகளுக்கும் உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்புகிற பட்டறை எங்களுடையது. கீழ்த்தளத்தில் இதயம், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் அச்சில் வார்ப்பார்கள். மாடியில் நாங்கள் ஆறு பேர் மூளைக்கு வண்ணம் பூசுகிறோம், ஆளுக்கு ஒரு பகுதியாக. எனக்கு அசைவு. உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு சிவப்புப் பட்டை, இரண்டு பாதியிலும். அதன் பின்னால் ஒட்டினாற்போல் தொடுகைக்கு நீலப் பட்டை. காதுக்கு மேலே, கேட்பதற்குப் பச்சை. பிடரியில் பார்வைக்கு மஞ்சள். கீழே பின்பக்கம் தொங்கும் சிறுமூளைக்கு ஆரஞ்சு. பேச்சுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு திட்டுகள்: வாயால் பேசுவதற்கு முன்னால் ஒன்று, பேசுவதைப் புரிந்துகொள்வதற்குப் பின்னால் ஒன்று.

யார் எதைப் பூசுகிறாரோ அதுதான் பட்டறையில் அவருக்குப் பெயர். "பார்வை இன்னும் வரலையா?" என்பார்கள். "சிறுமூளைக்குக் காய்ச்சலாம், ரெண்டு நாள் லீவு" என்பார்கள். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, மாடிக்கு வந்து பெட்டி தூக்கமாட்டேன், கீழேயே கொண்டுவந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பேச்சு என் அண்ணி. மேசைக்குத் தலைவியும் அவள்தான். இரண்டு வருடம் முன்பு என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அவளுடைய திட்டுகளின் விளிம்பு, பிளேடால் நறுக்கியதுபோல் இருக்கும். ஒரு மயிரிழைகூட பக்கத்து மடிப்பில் ஏறாது.

ஆகவே பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை, கோபம் வந்தது. வகுப்பில் சேர்ந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன்.

"சார், அது வலதுதான்."

வேலைக்குப் போகிறவர்களுக்கான எங்கள் மாலை வகுப்பு ஓர் ஆரம்பப் பள்ளியில் நடக்கிறது. பெஞ்சுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. எழுந்து நின்றபோது முழங்கால் பெஞ்சில் இடித்து, பேனா உருண்டு விழுந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டார் ஆசிரியர்.

"யாரும் சொல்லல சார். நானே பாத்திருக்கேன். ரெண்டு வருஷமா தினமும். ஆயிரம் மூளைக்குக் குறையாது."

"நமக்கு ஒண்ணுக்கே வழியைக் காணோம். அவங்க ஆயிரம் வச்சிருக்காங்களாம்" என்றது பின்பெஞ்சு.

சிரிப்பு அடங்கும்வரை ஆசிரியர் காத்திருந்தார். அவர் பகலில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், கோபப்படாத மனிதர். "நாளைக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, விளிம்பு உடைந்ததால் ஒதுக்கி வைத்திருந்த ஒரு மூளையைக் கேட்டு வாங்கி, துணிப்பையில் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பையைத் தொட்டுப் பார்த்து, "முட்டைக்கோசா? நல்லா கெட்டியா இருக்கே" என்றார். "மூளைம்மா" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

ஆசிரியர் அதை மேசையில் வைத்து, இரண்டு பாதிகளையும் பிரித்தார், சேர்த்தார், மறுபடியும் பிரித்தார். சிவப்புப் பட்டை நான் பூசியது என்று சொல்லிவிட்டு, வெற்றிக்குத் தயாராக நின்றேன்.

"அழகா இருக்கு. ஆனா தப்பா இருக்கு" என்றார்.

அவர் வகுப்பைப் பார்த்து, "வார்டுல வேலை பாக்கிறவங்க யாராவது சொல்லுங்க. பக்கவாதம் வந்து பேச்சும் போனவங்களுக்கு எந்தக் கை விழுந்திருக்கும்?" என்று கேட்டார்.

மூன்றாவது பெஞ்சில் ஓர் அக்கா உண்டு. ஆஸ்பத்திரியில் பக்கவாத வார்டில் உதவியாளராக இருப்பவர். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். "வலது கைதான் சார், பெரும்பாலும். இடது கை விழுந்தவங்க வாய் ஓயாது, தண்ணி கொண்டா, ஜன்னலை மூடுன்னு உசிரை வாங்குவாங்க. வலது கை விழுந்தவங்கதான் பாவம், தண்ணின்னு கேக்க வார்த்தை வராம நம்ம முகத்தையே பாத்துட்டு இருப்பாங்க. அதனால காலைல டியூட்டிக்கு வந்ததும் நான் மொதல்ல அவங்ககிட்டதான் போவேன்."

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அசைவு பூசறீங்க இல்லையா? வலது கையை அசைக்கிற பட்டை எந்தப் பாதியில இருக்கு?"

"இடது பாதியில சார்." அது எனக்குத் தெரியும். கையும் மூளையும் குறுக்கே மாறியிருக்கும்.

"இடது பாதியில ரத்தம் அடைச்சு வலது கை விழுது. கூடவே பேச்சும் போகுது. அந்தப் பட்டைக்குப் பக்கத்துலதானே இருக்கணும், பேச்சு?"

நான் என் மூளையைப் பார்த்தேன். இடது பாதியில் நானே பூசிய சிவப்புப் பட்டை. அதன் முன்னால், கீழ்ப்பக்கம், கத்தரிப்பூ நிறம் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

"இடது கைப் பழக்கம் உள்ளவங்க சிலருக்கு வலதுல இருக்கலாம். அவங்கள்லயும் நிறைய பேருக்கு இடதுதான்" என்றார் ஆசிரியர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எங்கெல்லாம் போகுது?" என்று கேட்டார்.

எங்கெல்லாம் போகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பெட்டிகளில் முகவரி எழுதி ஒட்டுவதும் என் வேலைதான். மூளையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனேன். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒருவேளை ஆசிரியர் பார்த்த பாதியை நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ, ஒருவேளை அந்த ஒரு மூளை மட்டும்தான் தப்போ. வரிசையாகச் சரிபார்த்தேன். முதலில் தட்டில் காய்ந்துகொண்டிருந்த இருபது மூளைகள். எல்லாவற்றிலும் பேச்சு வலது பாதியில். அடுத்து, நாங்கள் பார்த்துப் பூசுகிற பெரிய சுவர்ப்படம். அதில் பேச்சு இடது பாதியில், சரியாக இருந்தது. அடுத்து, கிடங்கில் கிடந்த ஒரு பழைய மூளை. அடிக்கட்டையில் தேதி இருந்தது, ஏழு வருடத்துக்கு முந்தையது. அதில் பேச்சு இடது பாதியில் இருந்தது. தொடாத தூசிக்குள் அந்தக் கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று இருந்தது.

பட்டறை இந்தக் கட்டிடத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்படியானால் இங்கே வந்த பிறகுதான் மாறியிருக்கிறது. ஏன்?

என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் பாவனை செய்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, தினமும் பட்டுக்கொண்டே இருந்ததுதான். இங்கே வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் மேசை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. படம் மாட்ட எங்களுக்கு எதிரே சுவர் இல்லை, முதுகுக்குப் பின்னால்தான் சுவர். ஆரம்பத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்து எல்லோருக்கும் கழுத்துப் பிடிப்பு வந்ததாம். அப்போது அண்ணி வீட்டிலிருந்து ஒரு நீளக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஜன்னல் சட்டத்தில் மாட்டினாள். பின்சுவர்ப் படம் அதில் முழுதாகத் தெரியும். கழுத்துப் பிடிப்பு போயிற்று, எல்லோரும் அவள் யோசனையைப் புகழ்ந்தார்கள். நான் சேர்ந்ததும் முதல் நாளே அந்தக் கதையைச் சொன்னார்கள்.

படத்தில் மூளையின் ஒரு பாதியைத்தான் வரைந்திருக்கிறார்கள், இடது பாதியை. நெற்றி இடப்பக்கம் பார்த்தபடி. கண்ணாடியில் நெற்றி வலப்பக்கம் பார்க்கிறது. மேசையில் நெற்றி வலப்பக்கம் பார்க்கும்படி வைக்கிற பாதி எது? வலது பாதி. ஆறு வருடமாக அண்ணி அந்தப் பாதியை எடுத்துப் பூசியிருக்கிறாள்.

மற்ற ஐந்து பேருக்கு இதனால் ஒரு பாதகமும் இல்லை. அசைவும் தொடுகையும் பார்வையும் கேட்பதும் இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சிறுமூளையும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டுமே பூசப்படுவது பேச்சு ஒன்றுதான். கண்ணாடியில் பார்த்தது ஆறு பேர், தப்பு விழுந்தது ஒருத்தி தலையில்.

ஆறு வருடமாக யாருமே கவனிக்கவில்லையா என்று யோசித்தேன். கவனித்த டீச்சர்கள் இருந்திருப்பார்கள். கடையில் வாங்கிய மாதிரி தப்பாக இருக்காது, நாம்தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்கள். அதை என்னால் சுலபமாக நம்ப முடிந்தது.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சாயம் போக்கும் தின்னரில் நனைத்த துணியால் நகக்கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் எழுதி வைத்திருந்ததை வரிசை மாறாமல் சொன்னேன். கண்ணாடி என்ற இடம் வந்ததும் துணி நின்றது.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அண்ணி."

"ஏழு மாசம் குட்டி பெஞ்சுல உக்காந்துட்டு வந்து என் வேலையைத் தப்புங்கறே. நல்லா இருக்குடி டாக்டரம்மா. இன்னும் ஏழு மாசம் போனா என் புருஷனே தப்புன்னு சொல்லுவே."

"அதை நானே சொல்லியிருப்பேனே, கேட்டிருந்தா" என்றான் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க."

"இல்ல, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும்தான்."

யாரும் சிரிக்காததால் அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டான்.

"அண்ணி, நான் உங்களைச் சொல்லல. கண்ணாடியைச் சொல்றேன்."

"கண்ணாடியை மாட்டினது யாரு? நான். பூசினது யாரு? நான். நாளைக்கு இதை முதலாளிகிட்ட சொன்னா, அசைவு தப்புன்னு சொல்வாரா? பார்வை தப்புன்னு சொல்வாரா? வேலை போறது யாருக்கு? சொல்லு, நீதான் எல்லாத்தையும் வரிசையா எழுதறவளாச்சே."

அந்த வரிசையில் அதையும் எழுதியிருந்தேன். கடைசி வரியாக. அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நாளைக்கு லாரி வருது. நூத்தி அறுபது பெட்டி. எல்லாம் நர்ஸ் பள்ளிக்கூடங்களுக்குப் போகுது" என்றேன். "வலது கை விழுந்தவங்களுக்குத்தான் பேச்சு போகும்னு வார்டுல ஒரு அக்காவுக்குத் தெரியுது. அவங்க காலைல மொதல்ல அங்க போறாங்க. நம்ம மூளையைப் பாத்துப் படிச்ச பொண்ணு யார்கிட்ட போவா?"

அண்ணி துணியை மறுபடியும் தின்னரில் நனைத்தாள். அடுத்ததை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அந்த நிமிடமே தோன்றியது, ஆனாலும் சொன்னேன்.

"லாரி வர்றதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்லேன். நான் சேத்துவிட்ட வேலையில உக்காந்து என்னைப் பத்தியே சொல்லு. வாய் கூசாம சொல்லு." எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அண்ணி எனக்காகக் காத்திருக்காமல் முன்னால் போய்விட்டாள். நான் போனபோது மேசையில் தலை குனிந்து பூசிக்கொண்டிருந்தாள், வலது பாதியில். நான் சிவப்பைத் தொட்டு ஒரு பட்டைகூட முடிக்க முடியவில்லை. பத்து மணி. பத்தரை. பதினொன்றுக்குக் கீழே லாரி ஹார்ன் கேட்டது. அண்ணி நிமிரவில்லை. நான் தூரிகையை வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் ஒரு தடவை திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

சொல்லி முடித்ததும் முதலாளி எழுந்து மாடிக் கூடத்துக்கு வந்தார். ஒரு மூளையை எடுத்தார், சுவர்ப்படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். மனிதர் மக்கு இல்லை. ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அவர் முகம் அண்ணியின் பக்கம் போய், அங்கேயே நின்றது.

"சரி, விடுங்க. இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார். "அடியில 'இடது', 'வலது'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம்ல? அதை மாத்தி ஒட்டிடுங்க. இடதுக்கு வலது, வலதுக்கு இடது. அரை மணி நேர வேலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, ஆனால் என்ன என்று உடனே பிடிபடவில்லை. எனக்கு முன்னால் சிறுமூளை பேசினார். மேசையின் கோடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஆரஞ்சுக் கறை படிந்த விரல்களால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

"அப்படின்னா சார், என்னைக் கழட்டி நெத்தியில ஒட்டணும்."

"என்னய்யா உளர்றே?"

"இது பந்து இல்ல சார். பிடரிப் பக்கம் நான் தொங்கறேன். நான் எங்க இருக்கேனோ அது பின்பக்கம். பின்பக்கம் அதேன்னா, இடது வலது எப்படி மாறும்? ஸ்டிக்கரை மாத்தினா மூளை பின்னாடி நடக்க ஆரம்பிச்சிடும்."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "இடது கைக்காரங்க சிலருக்கு வலதுலதான் இருக்கும்னு இவளே சொன்னா. அப்போ இது இடது கைக்காரங்க மூளைன்னு அச்சடிச்சு உள்ள போட்டுடுவோம்."

"சிலருக்குத்தான் சார். அவங்கள்லயும் நிறைய பேருக்கு இடதுதான்" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "ஒவ்வொண்ணையும் அழிச்சுட்டு சரியான பக்கத்துல பூசணும் சார். நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா? லாரி கீழ நிக்குது." அவர் கையிலிருந்த மூளையைத் தட்டில் வைத்தார். வைத்த விதத்தில் இரண்டு பாதிகளும் கழன்று உருண்டன. "யாரு தலையைத் தொறந்து பாக்கப் போறாங்க? ஒரு கலர் இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன? வெறும் பெயின்ட்தானேம்மா. பெட்டியெல்லாம் கீழ போகட்டும்."

கடைசி வார்த்தைகளை அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னார். அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார். அண்ணி முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"வெறும் பெயின்டா?"

"நான் உனக்காகத்தான் சொல்றேன்."

"ஒரு மயிரிழை வெளிய போனா திருப்பி அனுப்புவீங்களே சார், அப்போ அது வெறும் பெயின்ட் இல்லையா? போன வருஷம் கலர் கொஞ்சம் வெளுத்துடுச்சுன்னு நாப்பது மூளையைத் திரும்பப் பூச வச்சீங்களே. ஜுரத்தோட வந்து பூசினேனே. அப்போ இது என்ன, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?"

"இப்போ ஏன் குரலை உசத்தறே?"

"நான் பூசற எடத்துல பேச்சு இருக்குன்னு நெனச்சுத்தான் சார் பூசினேன். இல்லாத எடத்துல பூசியிருக்கேன். தப்பு. என் தப்பு. அதை நீங்க யாரும் பாக்கமாட்டாங்கன்னு சொல்லாதீங்க. அப்போ சரியா பூசினதையும் யாரும் பாக்கமாட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

அவள் எழுந்து, வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் பட்டைத் தூரிகையையும் எடுத்துக்கொண்டு, கட்டி வைத்திருந்த பெட்டிகளில் முதலாவதைப் பிரித்தாள். மூளையை வெளியே எடுத்தாள். இரண்டே இழுப்பு. இரண்டு கத்தரிப்பூத் திட்டுகளும் வெள்ளைக்கு அடியில் போயின. அவ்வளவு அழகான விளிம்பு அழிவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அதை முதலாளியின் முன்னால் வைத்தாள்.

"இந்த மூளைக்கு இப்போ பேச்சே இல்ல. அனுப்புங்க பாக்கலாம்."

"இன்னொண்ணைத் தொட்டே, நாளைக்கு வரவேண்டாம்."

"வருவேன் சார். நூத்தி அறுபதுக்கும் இடது பக்கம் பூசறது யாரு?" அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.

நான் போய் மூன்றாவது பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். "நீயுமா?" என்றார் முதலாளி. "ஆமா சார்" என்றேன். வேறு ஏதாவது நன்றாகச் சொல்லியிருக்கலாம், வரவில்லை. சிறுமூளை எழுந்துவந்து, கத்தியால் பெட்டிகளின் டேப்பை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார். தொடுகையும் கேட்பதும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மூளைகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தார்கள். பார்வை மட்டும் எழவில்லை. அவள் தலையைக் குனிந்து மஞ்சளைப் பூசிக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளி கீழே போனார். டிரைவரோடு பெரிய சத்தம் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு லாரி இதயங்களையும் சிறுநீரகங்களையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

அண்ணியின் வேலை போகவில்லை. போகவிட முதலாளிக்கு வழியில்லை. அந்த நிறத்தைக் கலக்க அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை காலை மேசைத் தலைமையைப் பார்வையிடம் கொடுத்துவிட்டார். பார்வை அழுதாள். "அழாதே, மஞ்சள் கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அண்ணி கடைசி நாற்காலிக்குப் போனாள். கண்ணாடியைக் கழற்றிப் பழைய சாமான்களோடு போட்டிருந்தார்கள். ஆறு பேரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பூசினோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூற்று அறுபதும் முடிந்தன, ஒவ்வொன்றிலும் பேச்சு சிவப்புப் பட்டையின் பக்கத்தில். முதலாளி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். குறை எதுவும் சொல்லவில்லை. போகும்போது ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்: ஏற்கெனவே போனவற்றைப் பற்றி எவரும் வெளியே மூச்சு விடக்கூடாது.

அன்று ராத்திரி வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு அண்ணி என் அறைக்கு வந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு வீட்டில் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"அட்ரஸெல்லாம் நீதானே எழுதறே?"

"ரெண்டு வருஷத்துக்கு என் நோட்டுல இருக்கு அண்ணி. அதுக்கு முன்னாடி போனது தெரியாது."

"அதுக்கு முன்னாடி எழுதினவர் சிறுமூளைதான். கேட்டேன். பாதிக்கு மேல ஞாபகம் இருக்காம். நாளைக்கு எழுதிட்டு வர்றார்." கட்டிலில் உட்கார்ந்தாள். "பேப்பரை எடு. நான் சொல்றேன், நீ எழுது. உன் எழுத்துதான் வாத்தியாருங்களுக்குப் புரியும்."

நான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் பட்டறையிலிருந்து உங்களுக்கு வந்த மூளை மாதிரியில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, தயவுசெய்து மன்னிக்கவும் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எதுக்கு மன்னிக்கணும்? அடி அதை."

"மரியாதைக்கு அண்ணி."

"மரியாதை பின்னாடி வரட்டும். மொதல்ல விஷயத்தை எழுது. வலது பாதியில இருக்கிற கத்தரிப்பூ நிறம் தப்பு. அதை வெள்ளையால அழிச்சிடுங்க. இடது பாதியில, சிவப்புப் பட்டைக்கு முன்னாடி, கீழ ஒண்ணு. பச்சைக்குப் பின்னாடி ஒண்ணு. படம் போட்டுக் காட்டு. அழிக்கத் தெரியலேன்னா எங்களுக்கு அனுப்புங்க, நாங்க சரிபண்ணி அனுப்பறோம். பூசினது நான். என் கையெழுத்தை நானே போடறேன்."

அவள் சொன்னபடியே எழுதினேன். படம் போட்டேன். அண்ணி தாளை வாங்கி, நெற்றி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அண்ணி, வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு முதலாளி சொன்னாரே. அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம எப்படி? மூளையெல்லாம் திரும்பி வந்தா அவர் வாசல்லதானே வந்து நிக்கும்." அவள் அடுத்த தாளை என் பக்கம் தள்ளினாள். "அவர் வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டாம். மொத கடிதம் அவருக்கே போகட்டும். எழுது."

தாளின் மேல் மூலையில் பட்டறையின் முகவரியை எழுதினேன்.